விண்டோஸ் 10 லேப்டாப்பை லினக்ஸுக்கு மாற்றும்போது: எது ஓடும், எது ஓடாது, எங்கே சிக்கும்

விண்டோஸ் 10-க்கு இலவசமாக வந்துகொண்டிருந்த பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றன. மறுநாளும் கணினி வழக்கம்போலத் திறந்தது, பிரின்டர் அச்சடித்தது, யூடியூப் ஓடியது. ஒன்றும் ஆகவில்லையே என்று பலர் அப்படியே விட்டுவிட்டார்கள். அன்றைய தேதியில் எதுவும் உடையாது என்பது உண்மைதான். ஆனால் அதற்குப் பிறகு கண்டுபிடிக்கப்படும் ஒவ்வொரு ஓட்டையும் அடைபடாமல் சேர்ந்துகொண்டே போகும். 2017 மே மாதம் உலகம் முழுக்கக் கணினிகளை முடக்கிய வானாக்ரை என்ற பணம் பறிக்கும் வைரஸ் நுழைந்த ஓட்டைக்கு, மைக்ரோசாஃப்ட் அந்த ஆண்டு மார்ச்சிலேயே திருத்தம் வெளியிட்டிருந்தது. அடிபட்டவை அதைப் போடாமல் விட்ட கணினிகள். திருத்தமே வராத கணினி என்றைக்கும் அந்த வரிசையில்தான் நிற்கிறது.

விண்டோஸ் 11-க்குப் போகலாம் என்றால் அது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லைக் கேட்கிறது. செயலியும் இன்டெல் என்றால் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறையாவது இருக்க வேண்டும். 2014 முதல் 2017 வரை வாங்கிய லேப்டாப்புகளில் பெரும்பகுதி இந்தக் கோட்டுக்கு வெளியே விழுந்துவிடுகிறது. ஐ5 செயலி, 8 ஜிபி ராம், நல்ல திரை, தேயாத கீபோர்டு. வன்பொருளில் ஒரு குறையும் இல்லை. நிறுவனம் கையை விரித்துவிட்டது என்பதற்காக அதைக் காயலான் கடைக்குப் போடுவது அநியாயம்.

விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் தவிர மூன்று வழிகள் உண்டு. தனிநபர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை திருத்தங்களை நீட்டித்துத் தரும் திட்டத்தில் சேரலாம். அதற்கு மைக்ரோசாஃப்ட் கணக்கு தேவை. கணினி அமைப்புகளை அவர்கள் சர்வரில் சேமிக்க ஒப்புக்கொண்டால் கட்டணம் இல்லை, இல்லாவிட்டால் 30 டாலர் அளவில் ஆகும். மாற்றத்துக்குத் தயாராக அவகாசம் வேண்டும் என்பவர்களுக்கு இது சரி, தீர்வு அல்ல. இரண்டாவது வழி, பென்டிரைவில் இயங்குதளத்தை எழுதித் தரும் ரூஃபஸ் போன்ற கருவியால் சோதனைகளைத் தாண்டி விண்டோஸ் 11-ஐ ஏற்றுவது. ஓடும். ஆனால் ஆண்டுதோறும் வரும் பெரிய பதிப்பு மாற்றங்கள் அந்தக் கணினிக்குத் தானாக வராது, ஒவ்வொரு முறையும் கையால் ஏற்ற வேண்டும். அப்பாவின் கணினியில் அதை யார் செய்வது? மூன்றாவது, கடையில் உரிமம் இல்லாமல் போட்டுத் தரும் கிராக் விண்டோஸ். ஆக்டிவேட் செய்யும் கருவியை ஓட்டுவதற்காக முதலில் விண்டோஸின் வைரஸ் தடுப்பான டிஃபெண்டரை அணைக்கச் சொல்வார்கள். கணினியின் முழு அதிகாரத்தையும் முகம் தெரியாத ஒருவரின் நிரலுக்குக் கொடுத்துவிட்டு, அதில் வங்கிக் கணக்கைத் திறப்பதுதான் அது. இதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது.

இனி லினக்ஸ். அதில் பல வகைகள் உண்டு, வீட்டுக்கும் சிறிய அலுவலகத்துக்கும் லினக்ஸ் மின்டைத்தான் பரிந்துரைப்பேன். காரணம் எளிது: விண்டோஸில் பழகிய கைக்கு ஸ்டார்ட் மெனுவும் டாஸ்க்பாரும் இருந்த இடத்திலேயே இருக்கும். மின்ட் 22 வரிசை உபுண்டு 24.04 என்ற இன்னொரு லினக்ஸின் மேல் கட்டப்பட்டது, 2029 வரை திருத்தங்கள் வரும். 8 ஜிபி ராம் இருந்தால் சின்னமன் பதிப்பு, 4 ஜிபி என்றால் அதைவிட இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. 2 ஜிபியில் இயங்குதளம் ஓடிவிடும், ஆனால் பிரவுசரில் நான்கு டேப் திறந்ததும் மூச்சுத் திணறும். ராமைக் கூட்டாமல் அதைத் தொடாதீர்கள்.

நம் ஊருக்கு இது புதிதும் அல்ல. தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸுடன், மத்திய அரசின் சிடாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. கேரளத்து அரசுப் பள்ளிகளில் பல ஆண்டுகளாகப் பாடமே லினக்ஸில்தான் நடக்கிறது.

முதலில் வேலைகளை எழுதுங்கள்

மாற்றம் தோற்கும் இடம் பெரும்பாலும் இன்ஸ்டாலேஷன் அல்ல. அந்தக் கணினியில் என்ன வேலை நடக்கிறது என்று கேட்காமல் மாற்றுவதால்தான் தோற்கிறது. ஒரு வாரம் அந்தக் கணினியில் திறக்கப்படும் ஒவ்வொரு மென்பொருளையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பிரவுசருக்குள் நடப்பது எல்லாம் அப்படியே வரும்: நெட்பேங்கிங், ஐஆர்சிடிசி, வாட்ஸ்அப் வெப், ஜிமெயில், கூகுள் மீட். பிரவுசருக்கு வெளியே இருப்பவற்றில்தான் வம்பு.

கணக்கு மென்பொருளான டேலி விண்டோஸுக்கு மட்டும் எழுதப்பட்டது. லினக்ஸுக்குள் விர்ச்சுவல் இயந்திரம் (கணினிக்குள் இன்னொரு கணினி) வைத்து ஓட்டலாம்தான், ஆனால் பில்லிங் கவுன்டரில் ஆள் நின்றுகொண்டிருக்கும்போது அந்தச் சிக்கல் வேண்டாம். டேலி ஓடும் கணினியை விட்டுவிட்டு அடுத்ததை மாற்றுங்கள். டெண்டருக்கும் வரித் தாக்கலுக்கும் பயன்படும் டிஜிட்டல் கையொப்ப டோக்கன்களில் சிலவற்றுக்கு லினக்ஸ் டிரைவர் இருக்கிறது. ஆனால் டோக்கன் வேலை செய்வது மட்டும் போதாது. அந்தந்த அரசுத் தளம் கேட்கும் கையொப்பத் துணை நிரலும் ஓட வேண்டும். இரண்டில் ஒன்று கடைசி நாளில் காலை வாரும். ஆடிட்டர் அலுவலகம் என்றால் ஒரு கணினி விண்டோஸ் 11-இலேயே இருக்கட்டும். ஆதார் சரிபார்ப்புக்கான கைரேகைக் கருவிகளுக்கும் இதே பதில்தான். போட்டோஷாப், கோரல்டிரா, பேஜ்மேக்கர் வைத்துத் தொழில் செய்பவர்களும் அப்படியே இருக்கலாம். அவர்களிடம் லினக்ஸில் மாற்றாகக் கிம்ப்பும் ஸ்கிரைபஸும் இருக்கிறதே என்று வாதாடுவது வீண், கைப்பழக்கம்தான் அவர்கள் வருமானம். பிள்ளைகள் எழுதும் இணையத் தேர்வையும் கேட்டுவிடுங்கள். சேஃப் எக்ஸாம் பிரவுசர் போன்ற சில தேர்வு மென்பொருள்களுக்கு லினக்ஸ் பதிப்பே இல்லை.

பிரின்டரைத் தனியாகச் சொல்ல வேண்டும். நம் ஊர் ஜெராக்ஸ் கடையிலும் வக்கீல் அலுவலகத்திலும் இன்னும் உழைத்துக்கொண்டிருப்பவை இரண்டு: கேனான் எல்பிபி 2900, எச்பி லேசர்ஜெட் 1020. இரண்டுமே லினக்ஸில் அடம் பிடிப்பவை, காரணம் வேறு வேறு.

எச்பி 1020-க்குத் தன் உள்நிரலை நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் நினைவகம் கிடையாது. ஒவ்வொரு முறை சுவிட்ச் போடும்போதும் கணினிதான் அதை அனுப்ப வேண்டும். லினக்ஸில் அந்த வேலையைச் செய்வது எச்பிலிப் என்ற தொகுப்போடு தனியாக இறக்க வேண்டிய பிளகின். அந்த பிளகினின் பதிப்பும் எச்பிலிப்பின் பதிப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். அதனால்தான் நன்றாக ஓடிக்கொண்டிருந்த பிரின்டர் ஒரு பெரிய அப்டேட்டுக்குப் பிறகு பச்சை விளக்கு மட்டும் காட்டிக்கொண்டு சும்மா நிற்கும். பிளகினை மறுபடி இறக்கினால் சரியாகிவிடும். இது தெரிந்தால் ஐந்து நிமிட வேலை, தெரியாவிட்டால் லினக்ஸே சரியில்லை என்ற முடிவு.

கேனான் 2900 இன்னும் கடினம். அது கேப்ட் என்ற தனி மொழி பேசுகிறது. கேனான் கொடுத்த லினக்ஸ் டிரைவர் பழையது, 32-பிட் துண்டுகளைச் சார்ந்தது. புதிய வெளியீடுகளில் அதை நிறுவுவதே ஒரு போராட்டம். ஆர்வலர்கள் எழுதிய திறந்த மூல டிரைவர் ஒன்று உண்டு. அதை மூலநிரலிலிருந்து கம்பைல் செய்யத் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் முயலுங்கள். தினமும் நூறு பக்கம் அச்சடிக்கும் இடத்தில் 2900-ஐ விண்டோஸ் கணினியோடேயே விட்டுவிடுவது நல்லது. புதிதாக வாங்குவதாக இருந்தால் பெட்டியில் ஏர்பிரின்ட் அல்லது மோப்ரியா என்று எழுதியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அவை பொதுத் தரத்தைப் பேசும் பிரின்டர்கள், வைஃபையில் இணைத்ததும் டிரைவரே இல்லாமல் மின்ட் கண்டுகொள்ளும். நாளைக்கு நீங்கள் எந்த இயங்குதளத்துக்குப் போனாலும் கூடவே வரும். எப்சனின் இங்க் டேங்க் வகைகளுக்கு எப்சனே லினக்ஸ் டிரைவர் தருகிறது.

பழைய டிஸ்க்கை அழிக்காதீர்கள்

ஒரே டிஸ்க்கில் விண்டோஸையும் லினக்ஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதைப் பலர் சொல்லித் தருகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 2024 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் அப்டேட், அப்படி இரண்டும் வைத்திருந்த பல கணினிகளில் லினக்ஸைத் தொடங்கவே விடாமல் செய்தது. அதைவிட நல்ல வழி இருக்கிறது. புதிய 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி ஒன்று வாங்குங்கள், 240 அல்லது 256 ஜிபி போதும். லேப்டாப்பின் பழைய டிஸ்க்கைக் கழற்றி, தேதி எழுதி, உறையில் போட்டு வைத்துவிடுங்கள். புதியதில் மின்டை ஏற்றுங்கள். ஒத்துவரவில்லை என்றால் நான்கு திருகைக் கழற்றிப் பழையதை மாட்டினால் விண்டோஸ் விட்ட இடத்திலிருந்து திறக்கும். இந்தத் தைரியம் இருந்தால்தான் வீட்டில் மற்றவர்களும் ஒத்துழைப்பார்கள். பழைய சுழலும் ஹார்டு டிஸ்க்கிலிருந்து எஸ்எஸ்டிக்கு மாறுவதாலேயே வேகம் நன்றாகக் கூடிவிடும் என்பது கூடுதல் லாபம்.

வாங்கும்போது இரண்டு இடத்தில் ஏமாறலாம். சில லேப்டாப்புகளில் எம்.2 குழி இருக்கும், ஆனால் அது சாட்டா வகை எம்.2-ஐ மட்டும் ஏற்கும். என்விஎம்இ அட்டையை வாங்கிவந்து செருகினால் கண்டுகொள்ளாது. மாடல் எண்ணை வைத்து உறுதிசெய்த பிறகே வாங்குங்கள். ராமிலும் அப்படித்தான். அந்தக் காலத்து லேப்டாப்புகள் பல 1.35 வோல்ட் டிடிஆர்3எல் கேட்பவை. கடையில் கிடைக்கும் 1.5 வோல்ட் டிடிஆர்3 குச்சி குழியில் சரியாகப் பொருந்தும், ஆனால் திரை கறுப்பாகவே நிற்கும். உள்ளே இருப்பதன் ஸ்டிக்கரைப் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

டிஸ்க்கை மாற்றாமல் இருப்பதையே பயன்படுத்துவதாக இருந்தால் முதலில் அதன் உடல்நிலையைப் பாருங்கள். விண்டோஸில் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவசக் கருவி காட்டும். "கரன்ட் பெண்டிங் செக்டர்" என்ற வரியில் பூஜ்யம் தவிர வேறு எண் இருந்தால் அந்த டிஸ்க்கில் எதையும் நிறுவாதீர்கள். அதில் இருப்பதைப் படியெடுப்பதுதான் அப்போதைய ஒரே வேலை.

கழற்றுமுன் விண்டோஸுக்குள் இருந்து செய்ய வேண்டியவை சில. ஒன்டிரைவ் பயன்படுத்தினால் கோப்புகளின் பக்கத்தில் மேகச் சின்னம் இருக்கிறதா பாருங்கள். மேகம் இருந்தால் அந்தக் கோப்பு உங்கள் டிஸ்க்கில் இல்லை, பெயர் மட்டும்தான் இருக்கிறது. அந்த ஃபோல்டரை வலது கிளிக் செய்து, எப்போதும் இந்தக் கணினியில் வை என்ற தேர்வைக் கொடுத்து, முழுதும் இறங்கிய பிறகே வெளி டிஸ்க்குக்குப் படியெடுங்கள். அவுட்லுக்கில் பிஓபி முறையில் அஞ்சல் இறக்கியிருந்தால் பழையது எல்லாம் ஒரே பிஎஸ்டி கோப்புக்குள் அடைந்திருக்கும். விண்டோஸும் அவுட்லுக்கும் இருக்கும்போதே தண்டர்பேர்டை நிறுவி இறக்குமதி செய்துவிடுங்கள். பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களையும் கீபாஸ்எக்ஸ்சி என்ற கடவுச்சொல் பெட்டகத்துக்கு மாற்ற இதுவே நல்ல நேரம். அதன் பெட்டகக் கோப்பின் வடிவம் திறந்தது. அதே கோப்பை விண்டோஸிலும் லினக்ஸிலும் ஆண்ட்ராய்டிலும் திறக்கலாம், எந்த நிறுவனத்தின் தயவும் வேண்டாம். ஆனால் மாற்றுவதற்காகப் பிரவுசரிலிருந்து ஏற்றுமதி செய்த சிஎஸ்வி கோப்பில் எல்லாக் கடவுச்சொல்லும் வெறும் எழுத்தாகக் கிடக்கும். வேலை முடிந்ததும் அதை ரீசைக்கிள் பின்னிலிருந்தும் சேர்த்து அழியுங்கள்.

டிஸ்க்கைச் சங்கேதமாக்கிப் பூட்டும் விண்டோஸின் பிட்லாக்கர் பற்றித் தெரியாமலேயே பலருக்கு அது ஓடிக்கொண்டிருக்கும். பயாஸில் (கணினி திறக்குமுன் வரும் அமைப்புத் திரை) செக்யூர் பூட் என்ற தேர்வைத் தொட்டால், அடுத்த முறை விண்டோஸ் திறக்கும்போது 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அது பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். முன்கூட்டியே எடுத்துத் தாளில் எழுதி, பழைய டிஸ்க்கோடு அதே உறையில் வைக்காமல் வேறிடத்தில் வையுங்கள்.

இறக்கிய கோப்பை நம்புமுன்

மின்டை நிறுவுவதற்காக இறக்கும் ஐஎஸ்ஓ கோப்பு ஏறத்தாழ 3 ஜிபி. 8 ஜிபி பென்டிரைவ் போதும். இறக்கியதும் நேராக எழுதிவிடாதீர்கள். 2016 பிப்ரவரி 20-ஆம் தேதி மின்டின் இணையதளத்துக்குள்ளேயே ஆள் நுழைந்து, 17.3 சின்னமன் பதிப்பின் இணைப்பைப் பின்கதவு வைத்த போலிக் கோப்புக்குத் திருப்பிவிட்டார்கள். அன்று அந்த இணைப்பைச் சொடுக்கியவர்கள் அசல் தளத்தில்தான் இருந்தார்கள். ஆனாலும் கைக்கு வந்தது போலி. இதை மின்ட் குழுவே வெளிப்படையாக அறிவித்தது, அதற்காக அவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு.

சரிபார்ப்பது சுலபம். விண்டோஸில் 7-ஜிப் இருந்தால் கோப்பை வலது கிளிக் செய்து கோப்பின் கைரேகை போன்ற எஸ்எச்ஏ-256-ஐக் கணக்கிடச் சொல்லுங்கள். வரும் 64 எழுத்தை மின்ட் தளம் தரும் பட்டியலோடு ஒப்பிடுங்கள். ரூஃபஸிலும் இதற்கு ஒரு பொத்தான் உண்டு. முழுதும் ஒத்துப்போனால் கோப்பு பாதியில் அறுந்தோ சிதைந்தோ வரவில்லை என்று பொருள். ஆனால் தளமே திருடன் கையில் இருந்தால் அவன் அந்தப் பட்டியலையும் மாற்றிவிடுவானே? அதற்காகத்தான் பட்டியலோடு, மின்ட் குழுவின் சாவி இல்லாமல் போட முடியாத ஜிபிஜி கையொப்பமும் வைக்கிறார்கள். அதைச் செய்யத் தெரியாதவர்கள் குறைந்தது ஐஎஸ்ஓ-வை ஒரு மிரர் (நகல்) சர்வரிலிருந்தும், பட்டியலை வேறொரு நாட்டு மிரரிலிருந்தும் எடுத்து ஒப்பிடுங்கள். பாதுகாப்பு இரண்டு படி கூடும்.

ரூஃபஸில் பென்டிரைவை எழுதும்போது 2012-க்குப் பிந்தைய கணினி என்றால் ஜிபிடி, யூஇஎஃப்ஐ என்று இருக்கட்டும். பிறகு, எதிலிருந்து திறப்பது என்று கேட்கும் பூட் மெனு. அதை வரவழைக்கும் விசைகள் இவை. டெல், லெனோவோ என்றால் பெரும்பாலும் எஃப்12. எச்பியில் எஸ்கேப் அழுத்தி எஃப்9. ஏசஸில் எஸ்கேப். ஏசரில் எஃப்12 தான், ஆனால் பயாஸுக்குள் போய் அதை முதலில் இயக்க வேண்டியிருக்கும். லெனோவோ ஐடியாபேட்களில் பக்கவாட்டில் ஒரு சிறு துளை இருக்கும், பேப்பர் கிளிப்பால் அழுத்தினால் மெனு வரும்.

பென்டிரைவிலிருந்து திறந்ததும் உடனே நிறுவாமல் ஒரு மணி நேரம் அதிலேயே ஓட்டிப் பாருங்கள். வைஃபை, ஒலி, வெப்கேம், ஒளியளவுப் பொத்தான்கள், ப்ளூடூத். மூடியை மூடித் திறந்தால் எழுந்திருக்கிறதா என்பதைக் கட்டாயம் பாருங்கள், பழைய லேப்டாப்புகள் இதில்தான் படுத்துக்கொள்ளும். பிரின்டரையும் இப்போதே செருகிப் பாருங்கள். வைஃபை தெரியவில்லை என்றால் பெரும்பாலும் பிராட்காம் அல்லது ரியல்டெக் சில்லு. போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் கொடுத்தால் இணையம் வந்துவிடும். நிறுவிய பிறகு டிரைவர் மேனேஜர் மீதியைப் பார்த்துக்கொள்ளும். நிறுவும் கட்டத்தில் டிஸ்க்கே தெரியவில்லையா? பயாஸில் சாட்டா முறை ரெய்டு அல்லது இன்டெல் ஆர்எஸ்டி என்று இருக்கும், ஏஎச்சிஐ-க்கு மாற்றுங்கள். ஆனால் அதே கணினியில் பழைய விண்டோஸைத் திரும்பத் திறக்கும் எண்ணம் இருந்தால் இந்த மாற்றத்தைக் குறித்து வையுங்கள். ஏஎச்சிஐ-யில் அந்த விண்டோஸ் நீலத் திரை காட்டும், திரும்ப மாற்றினால் திறக்கும்.

நிறுவும்போது வரும் கேள்விகளில் ஒன்றே ஒன்றுக்கு நின்று யோசியுங்கள்: டிஸ்க்கைச் சங்கேதமாக்கவா? வெளியே எடுத்துப்போகும் லேப்டாப் என்றால் ஆம் என்றே சொல்லுங்கள். ரிப்பேர் கடையில் விட்டாலும் பஸ்ஸில் தொலைந்தாலும் உள்ளிருப்பதை யாரும் படிக்க முடியாது. அந்தக் கடவுச்சொல் மறந்தால் உங்களாலும் முடியாது, உலகத்தில் யாராலும் முடியாது. தாளில் எழுதிப் பீரோவில் வையுங்கள். தொடக்கத் திரையில் ஆங்கிலக் கீபோர்டுதான் இருக்கும், ஆகவே ஆங்கில எழுத்திலேயே அமையுங்கள்.

நிறுவி முடித்ததும் முதலில் அப்டேட் மேனேஜரில் பக்கத்து மிரரைத் தேர்ந்தெடுத்து எல்லாத் திருத்தங்களையும் போடுங்கள். அடுத்து, இயங்குதளத்தின் நிலையை அவ்வப்போது படியெடுத்து வைக்கும் டைம்ஷிஃப்ட். வாரம் ஒன்று, மூன்றை மட்டும் வைத்துக்கொள் என்று அமைத்தால் போதும். ஏதாவது அப்டேட் கெடுத்தால் முந்தைய நிலைக்குப் போகலாம். ஆனால் டைம்ஷிஃப்ட் உங்கள் போட்டோவையும் கடிதத்தையும் இயல்பாகச் சேமிப்பதில்லை, இயங்குதளத்தை மட்டும்தான். அதை பேக்கப் என்று நம்பியிருந்தவர்கள் டிஸ்க் போனபோதுதான் இதைத் தெரிந்துகொள்கிறார்கள். வெளி டிஸ்க்கில் தனியாகப் படியெடுத்தே ஆக வேண்டும்.

கடிகாரத்தில் ஒரு விநோதம். பழைய விண்டோஸ் டிஸ்க்கை மாட்டிப் பார்த்தால் நேரம் சரியாக 5.30 மணி நேரம் பின்தங்கி நிற்கும். கணினியின் கடிகாரத்தை லினக்ஸ் உலக நேரமாக வைக்கும், விண்டோஸ் அதை இந்திய நேரம் என்று படிக்கும். கோளாறு எதுவும் இல்லை. ஒவ்வொரு முறை அணைத்துத் திறக்கும்போதும் ஆண்டே மாறிவிடுகிறது என்றால் அது வேறு: மதர்போர்டில் இருக்கும் பேட்டரி தீர்ந்திருக்கும், பெரும்பாலும் சிஆர்2032. தேதி தவறினால் பாதுகாப்பான இணையதளங்கள் எதுவும் திறக்காது, பிரவுசர் சான்றிதழ் பிழை காட்டும். இதற்காக இயங்குதளத்தையே திரும்பப் போட்டவர்களும் உண்டு.

தமிழ்

மின்டின் கீபோர்டு அமைப்புகளில் தமிழ்நெட்99 என்று ஒன்று தெரியும். அதைச் சேர்த்துவிட்டு, தட்டிப் பார்த்து, லினக்ஸில் தமிழ் சரியில்லை என்று சொல்லிவிடுகிறார்கள். அந்த அமைப்பு ஒரு விசைக்கு ஓர் எழுத்து என்பதைத் தாண்டாது. தமிழ்99-இன் அழகே தானாகப் புள்ளி விழுவதில் இருக்கிறது: ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதலாவது புள்ளி பெறும், ங-வுக்குப் பின் க வந்தாலும் அப்படியே. அதற்கு ஐபஸ் என்ற தட்டச்சு நிரல் வேண்டும். சாஃப்ட்வேர் மேனேஜரிலோ சினாப்டிக்கிலோ ஐபஸ், ஐபஸ்-எம்17என் இரண்டையும் நிறுவுங்கள். இன்புட் மெதட் அமைப்பில் ஐபஸைத் தேர்ந்தெடுத்து, வெளியேறித் திரும்ப நுழையுங்கள். ஐபஸ் விருப்பங்களில் தமிழின் கீழ் தமிழ்99, ஃபொனெடிக், டைப்ரைட்டர் எல்லாம் இருக்கும். இலங்கையில் பழகியவர்களுக்கு ரெங்கநாதன் அமைப்பும் உண்டு.

பெரிய வேலை பழைய கோப்புகள்தான். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்புக்குள் உண்மையில் தமிழே இல்லை. ஆங்கில எழுத்துகள் இருக்கின்றன, எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் முகம் போடுகிறது. எழுத்துரு இல்லாத கணினியில் முகமூடி கழன்று குப்பையாகத் தெரியும். அந்த எழுத்துருவை லினக்ஸிலும் போட்டால் தெரியத்தான் செய்யும், ஆனால் தேட முடியாது, போனில் படிக்க முடியாது. யுனிகோடுக்கு மாற்றுங்கள். ஓப்பன்-தமிழ் நிரல்தொகுப்பில் இதற்கான மாற்றிகள் இருக்கின்றன. முழுக் கோப்பையும் ஒரே மூச்சில் கொடுத்தால், நடுவே இருக்கும் ஆங்கிலச் சொற்களும் மின்னஞ்சல் முகவரிகளும் உளறலான தமிழாகிவிடும். தமிழ் எழுத்துருவில் உள்ள பத்திகளை மட்டும் கொடுங்கள். மாற்றியதும் ஒகர ஓகாரங்களையும், ஸ்ரீ, க்ஷ போன்றவற்றையும் கண்ணால் சரிபாருங்கள். தவறு ஒளிந்திருப்பது அங்கேதான்.

லிப்ரே ஆஃபிஸில் தமிழுக்கான எழுத்துரு தனி இடத்தில் அமைக்கப்படுகிறது. கருவிகள், விருப்பங்கள், மொழிகள் பகுதியில் சிடிஎல் என்ற சிக்கல் எழுத்து வடிவமைப்பை இயக்கித் தமிழைத் தேர்ந்தெடுங்கள். அதைச் செய்யாமல் ஸ்டைலில் எழுத்துருவையும் அளவையும் மாற்றினால் ஆங்கிலத்துக்குத்தான் மாறும், தமிழ் அப்படியே நிற்கும். லதா, நிர்மலா எழுத்துருக்கள் மைக்ரோசாஃப்டுடையவை, மின்டில் இருக்காது. பதிலுக்கு நோட்டோ வந்து உட்காரும், பக்கம் பிரியும் இடம் மாறும். அச்சுக்கோ அலுவலகத்துக்கோ போகும் இறுதிப் பிரதியை பிடிஎஃப் ஆகவே அனுப்புங்கள்.

லினக்ஸ் காக்காதவை

லினக்ஸ் போட்டாயிற்று, இனி வைரஸ் இல்லை என்று நிம்மதியாக இருப்பவர்களை எச்சரிக்க வேண்டியிருக்கிறது. விண்டோஸுக்கு எழுதிய இஎக்ஸ்இ வைரஸ் இங்கே ஓடாது என்பது சரி. ஆனால் கேஒய்சி முடியப் போகிறது என்று போன் செய்து, தொலைவிலிருந்து உங்கள் கணினியை இயக்க விடும் எனிடெஸ்க் போடச் சொல்லி, ஓடிபி கேட்கும் ஆளுக்கு உங்கள் இயங்குதளம் எதுவென்று அக்கறையே இல்லை. எனிடெஸ்க் லினக்ஸிலும் ஓடும். பிரவுசர் நீட்டிப்புகளும் அப்படித்தான், நீங்கள் திறக்கும் எல்லாப் பக்கத்தையும் படிக்கும் அனுமதியை அவை வாங்கிக்கொள்கின்றன. விளம்பரத் தடுப்பான், கடவுச்சொல் பெட்டகம் தவிர மற்றதை நீக்கிவிடுங்கள். பணம் போய்விட்டது என்றால் வங்கிக்கு அடுத்த அழைப்பு சைபர் குற்ற உதவி எண் 1930.

மின்டில் ஃபயர்வால் நிறுவப்பட்டிருக்கும், அணைந்திருக்கும். ஒரு சொடுக்கில் இயக்கிவிடுங்கள். மென்பொருளை மின்டின் சாஃப்ட்வேர் மேனேஜரிலிருந்து மட்டும் எடுங்கள். இணையத்தில் எங்கோ கண்ட நீளமான கட்டளையைப் புரியாமல் டெர்மினலில் ஒட்டாதீர்கள். அதுவும் நிர்வாகி கடவுச்சொல் கேட்கும் கட்டளை என்றால், அது விண்டோஸ் கிராக்குக்குச் சமம்.

மூன்று நான்கு மாதம் போய், யாரும் விண்டோஸைக் கேட்கவில்லை என்றால் உறையில் வைத்த பழைய டிஸ்க்கை வெளியே எடுக்கலாம். யூஎஸ்பி உறை ஒன்றில் போட்டுத் திறந்து, விட்டுப்போன கோப்பு இருக்கிறதா என்று கடைசியாகப் பாருங்கள். அதில் விண்டோஸ் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் முறையில் (முழுதும் மூடாமல்) அணைக்கப்பட்டிருந்தால் மின்ட் அதைப் படிக்க மட்டும் விடும், எழுத விடாது. படியெடுக்க அது போதும். விற்பதாகவோ யாருக்காவது கொடுப்பதாகவோ இருந்தால், சுழலும் ஹார்டு டிஸ்க்கை ஒருமுறை முழுதும் பூஜ்யத்தால் நிரப்பினால் போதும். மின்டின் டிஸ்க்ஸ் செயலியில் ஃபார்மேட் செய்யும்போதே, இருப்பதை மேலெழுது என்ற தேர்வு இருக்கிறது, சில மணி நேரம் எடுக்கும். எஸ்எஸ்டி என்றால் இந்த வழி நம்பகமில்லை. தேய்மானத்தைப் பரப்புவதற்காக அது எழுதும் இடங்களை உள்ளுக்குள் மாற்றிக்கொண்டே இருக்கும், மேலெழுதிய பின்னும் பழைய துண்டுகள் தங்கலாம். அதற்குத் தயாரிப்பாளர் தரும் செக்யூர் எரேஸ் கட்டளையைப் பயன்படுத்துங்கள். வாடிக்கையாளர் ஆவணங்களோ வங்கி விவரங்களோ இருந்த டிஸ்க் என்றால் யாருக்கும் கொடுக்காமல் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.